தூய புரதம் என்று எப்போது சொல்லலாம்?

1889இல் பிராக் நகரில் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவை அம்மோனியம் சல்ஃபேட் கரைசலில் வைத்து, அதில் மிகுதியாக உள்ள ஓவல்புமின் என்ற புரதத்தைப் படிகமாக எடுத்தார். படிகமாகும் பொருள் தூய பொருள் என்பது அக்கால வேதியியலின் உறுதியான நம்பிக்கை. அரை நூற்றாண்டு கழித்து மின்புலத்தில் ஓடவிட்டபோது அதே ஓவல்புமின் ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகளாகப் பிரிந்தது. 1950களில் கெர்ட்ரூட் பெர்ல்மன் அதற்கான காரணத்தைக் காட்டினார். சில மூலக்கூறுகளில் இரண்டு பாஸ்பேட்டுகள் இருந்தன, சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியும் மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுகிறது என்பது பிறகு தெரிந்தது. அமினோ அமிலச் சங்கிலி மட்டும் பொது.

அப்படியானால் ஹோஃப்மைஸ்டரின் கையில் இருந்தது தூய புரதமா, கலவையா? எந்தச் சோதனையை வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு நொதியின் வேகத்தை அளப்பதும், மூலக்கூறு எடையைக் கணிப்பதும், வடிவத்தைக் கண்டறிவதும், மருந்தாக ஊசியில் ஏற்றுவதும், கையிலுள்ள மாதிரியில் என்ன இருக்கிறது என்ற இந்த ஒரு விடையின் மேல்தான் நிற்கின்றன. நூறாண்டுகளில் தரப்பட்ட விடைகளையும் அவை எங்கே தடுமாறின என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

படிகம் தந்த நம்பிக்கை

ஹீமோகுளோபின் படிகங்களை ஹ்யூனெஃபெல்ட் 1840இலேயே பார்த்துவிட்டார். ஆனால் படிகம் ஒரு பெரும் வாதத்தின் ஆயுதமானது 1926இல்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் ஒன்பது ஆண்டு முயற்சிக்குப் பின் ஜாக் அவரை விதை மாவிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கினார். நம் ஊர்த் தம்பட்டங்காயும் அந்த அவரையும் ஒரே பேரினம். அசிட்டோன் கலந்த நீரில் மாவைக் கரைத்து வடிகட்டி, குளிரில் ஓர் இரவு வைத்திருந்து எடுத்த படிகங்கள் அவை. அவை புரதமாகவும் இருந்தன, யூரியாவை உடைக்கும் ஆற்றலோடும் இருந்தன. நொதி என்பது புரதமே என்று சம்னர் அறிவித்தார்.

எதிர்ப்பு வலுவான இடத்திலிருந்து வந்தது. பச்சையம் பற்றிய ஆய்வுக்காக 1915இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஷ்டேட்டரும் அவரைச் சார்ந்தவர்களும், நொதி என்பது சிறியதொரு வினைத்தொகுதி, புரதம் அதைச் சுமக்கும் ஊடகம் மட்டுமே என்று வாதிட்டார்கள். அவர்களிடம் சோதனைச் சான்றும் இருந்தது. அவர்கள் தூய்மையாக்கிய பெராக்சிடேஸ் கரைசலில் வினை நடந்தது, புரதச் சோதனையோ எதையும் காட்டவில்லை. இன்று காரணம் விளங்குகிறது. அக்காலப் புரதச் சோதனைகள் உணரக்கூடிய அளவைவிட மிகக் குறைந்த நொதியே வினையை நடத்தப் போதும். கருவியின் உணர்திறன் எல்லையைப் பொருளின் இல்லாமையாகப் படித்ததே அங்கு நேர்ந்த பிழை. அதே பிழை வேறு வடிவங்களில் இன்றும் தொடர்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1930இல் ஜான் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பிறகு எதிர்ப்பு படிப்படியாகத் தணிந்தது. 1946இல் சம்னர், நார்த்ராப், வெண்டல் ஸ்டான்லி மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் மூவரில் ஸ்டான்லியின் கதையே படிகத்தின் பலவீனத்தையும் காட்டிவிட்டது. 1935இல் அவர் புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கி, அது ஒரு புரதம் என்றார். இங்கிலாந்தில் பாடனும் பிரீயும் அடுத்த ஓராண்டு ஈராண்டுக்குள் அதில் பாஸ்பரஸும் ஆர்.என்.ஏ.வும் இருப்பதைக் கண்டார்கள். எடையில் ஏறத்தாழ நூற்றில் ஆறு பங்குதான் அது. வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் அந்த ஆறு பங்கில் இருந்தது பின்னர்தான் புரிந்தது.

யூரியேஸிலும் ஒன்று ஒளிந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பர்ட் செர்னரின் குழு 1975இல் அந்த நொதியின் வினைமையத்தில் நிக்கல் இருப்பதைக் காட்டியது. நொதி படிகமாகி 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த உலோகத்தைத் தற்செயலான மாசு என்று கழுவ முயன்றிருந்தால் நொதியே செத்திருக்கும். எது மாசு, எது புரதத்தின் உறுப்பு என்பதைப் படிகம் சொல்வதில்லை.

இன்சுலினின் அனுபவம் நோயாளிகளின் உடலிலேயே எழுதப்பட்டது. ஜான் ஏபெல் 1926இல் அதைப் படிகமாக்கினார். பல பத்தாண்டுகளாகப் படிக இன்சுலினே தூய இன்சுலினாக விற்கப்பட்டது. 1967இல் டொனால்டு ஸ்டைனர் இன்சுலினின் முன்னோடியான புரோஇன்சுலினைக் கண்டறிந்தபோது, பலமுறை படிகமாக்கிய சரக்கிலும் அது கலந்திருப்பது வெளிப்பட்டது. இன்சுலினோடு வடிவம் ஒத்திருப்பதால் அது அதே படிகத்துக்குள் இடம்பிடித்துக்கொள்கிறது. மாட்டு, பன்றி இன்சுலினை ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் உருவான எதிர்ப்புப் புரதங்களுக்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். 1970களில் குரோமடோகிராஃபி வழியே மீண்டும் பிரித்த இன்சுலின் சந்தைக்கு வந்தது.

எடை, மின்னூட்டம், கரைதிறன்

படிகத்தின் மேல் ஐயம் கொண்டவர்கள் இயற்பியலை நாடினார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் தியோடர் ஸ்வெட்பெர்க் மீவேக மையவிலக்கியை அமைத்து, கரைசலில் உள்ள புரதம் ஒரே விளிம்பாகக் கீழிறங்குகிறதா என்று பார்த்தார். ஹீமோகுளோபின் ஒரே விளிம்பாக இறங்கியது. அதன் எடை, ஆடெய்ர் ஊடுபரவல் அழுத்தத்தால் அளந்த எடையோடு பொருந்தியது. புரதம் என்பது கூழ்மத் திரள் என்ற பழைய கருத்து இங்கே முறிந்தது. இந்தக் கருவியின் மிகப் பெரிய கொடை அதுவே. ஆனால் ஸ்வெட்பெர்க் அதற்கு மேலும் சென்று, எல்லாப் புரதங்களின் எடையும் ஓர் அடிப்படை எண்ணின் மடங்குகளே என்று கருதினார். முதலில் 34,500, பிறகு 17,600 என்று அந்த எண்ணையும் வைத்தார். அப்படி ஒரு விதி இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

அவருடைய மாணவர் ஆர்னே டிசேலியஸ் 1937இல் மின்புலப் பிரிகையால் இரத்தச் சீரத்தை ஆல்புமின், ஆல்பா, பீட்டா, காமா குளோபுலின்கள் எனப் பிரித்தார். இன்றும் மருத்துவமனை அறிக்கைகளில் அந்தப் பெயர்கள்தாம் வருகின்றன. அவர் ஒரே கூறாகக் கண்ட காமாவுக்குள் எண்ணிலடங்கா வகை எதிர்ப்புப் புரதங்கள் இருப்பது பிறகு தெரிந்தது. நார்த்ராப்பும் மோசஸ் குனிட்ஸும் கரைதிறனை அளவுகோலாக வைத்தார்கள். திடப்பொருளை எவ்வளவு கூட்டினாலும் கரைவது ஓர் அளவில் நின்றுவிட்டால் அது ஒரே பொருள். கோட்பாட்டளவில் இது மிகக் கண்டிப்பான சோதனை. நிறைய மாதிரி தேவைப்பட்டதால் வழக்கொழிந்தது.

எடையும் மின்னூட்டமும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன என்பதை அரிவாள்செல் ஹீமோகுளோபின் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை. 1949இல் லைனஸ் பாலிங்கும் உடனாய்வாளர்களும் அந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் கண்டார்கள். மையவிலக்கி இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருக்கும். 1957இல் வெர்னன் இங்க்ராம் வேறுபாட்டை ஒரே ஓர் அமினோ அமிலத்தில் கண்டறிந்தார். பீட்டா சங்கிலியில் குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் அமர்ந்திருந்தது. எடையில் வேறுபாடு ஒரு சங்கிலிக்கு 30 டால்டன் மட்டுமே, மின்னூட்டத்திலோ ஓர் எதிர்மின் அலகு குறைந்திருக்கிறது.

இந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு அயலானதில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள்செல் பண்பு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே பதிவு செய்தார்கள். இன்றும் அங்கே நோயறிதல் மின்புலப் பிரிகை அல்லது குரோமடோகிராஃபியை நம்பியிருக்கிறது. கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. வழக்கமான காரநிலை மின்புலப் பிரிகையில் ‘ஹீமோகுளோபின் டி-பஞ்சாப்’ என்ற வேறொரு வகையும் அரிவாள்செல் வகையின் இடத்திலேயே வந்து நிற்கும். அமில நிலையில் இன்னொரு முறை ஓட்டினால்தான் இரண்டும் பிரியும். ஒரு சோதனையில் ஒன்றாகத் தெரிவது மற்றொன்றில் இரண்டாவதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

செயலைத் துரத்தும் வழி

நொதி ஆய்வாளர்கள் வேறொரு அளவுகோலை வளர்த்தார்கள். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அலகு வினை என்று ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கிட வேண்டும். இந்தத் தன்வினைத்திறன் மேலும் மேலும் பிரித்தும் உயராமல் நின்றுவிட்டால் நொதி தூய்மையடைந்துவிட்டது. கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் போடும் தூய்மையாக்க அட்டவணை இந்த மரபிலிருந்து வந்தது. தூய்மையற்ற நொதியை வைத்துக்கொண்டு நுண்மையான சிந்தனையை வீணாக்காதே என்பது அந்தத் தலைமுறையின் கட்டளை. ஆர்தர் கோர்ன்பெர்க் அதை வாழ்க்கை நெறியாகவே கொண்டிருந்தார்.

அவருடைய வெற்றியிலேயே இம்முறையின் எல்லையும் தெரிகிறது. 1956இல் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்தாண்டு கழித்து, 1969இல், பௌலா டி லூசியாவும் ஜான் கெய்ர்ன்ஸும் அந்த நொதியின் வினை ஏறத்தாழ இல்லாத பாக்டீரியா ஒன்றைக் கண்டார்கள். அது வழக்கம்போல வளர்ந்தது. அப்படியானால் டி.என்.ஏ.வை உண்மையில் நகலெடுப்பது யார்? கோர்ன்பெர்க்கின் மகன் தாமஸும் மால்கம் கெஃப்டரும் பிரித்தெடுத்த மூன்றாம் பாலிமரேஸ் என்பது பின்னர் தெரிந்தது. முதல் நொதி ஒரு செல்லில் நானூறு அளவில் இருக்கிறது, மூன்றாவது பத்து, இருபது மட்டுமே. செயலைத் துரத்திச் சென்றால் மிகுதியாக இருப்பதும் முரட்டுத்தனமாகத் தாங்குவதுமே முதலில் கைக்கு வரும். கோர்ன்பெர்க்கின் நொதி தூயதாகவே இருந்தது. சேதமான டி.என்.ஏ.வைச் செப்பனிடுவதில் அதற்கு முக்கியமான வேலையும் உண்டு. தூய்மை சரியாக இருந்தும், அதற்குச் சூட்டிய பணி சரியாக இல்லை.

ஒரே புரதம் பல வேலை செய்யும் நிகழ்வு இச்சிக்கலைக் கூட்டியது. நரம்பு செல்களை வளர்க்கும் காரணியாக 1986இல் அறிவிக்கப்பட்ட நியூரோலியூகின், சர்க்கரைச் சிதைவில் பங்குபெறும் பழகிய நொதியான ஃபாஸ்ஃபோகுளுக்கோஸ் ஐசோமரேஸேதான் என்று ஈராண்டில் தெரிந்தது. செயல் ஒரு புரதத்தின் அடையாளச் சான்றாகப் போதாது.

ஜெல்லில் ஒற்றைப் பட்டை

இன்று ஆய்வகத்தில் “புரதம் தூய்மையா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு ஜெல் படத்தைத்தான் காட்டுவார்கள். ஆலிவர் ஸ்மித்தீஸ் 1955இல் மாவுச்சத்து ஜெல்லில் தொடங்கியது 1959 முதல் பாலிஅக்ரிலமைடுக்கு மாறியது. 1970இல் கேம்பிரிட்ஜில் உல்ரிக் லெம்லி அமைத்த எஸ்.டி.எஸ். ஜெல் முறை ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுச் சொத்தாயிற்று. எஸ்.டி.எஸ். என்ற சலவைப்பொருள் புரதத்தின் மடிப்பைக் குலைத்து, ஒரு கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 1.4 கிராம் வீதம் ஒட்டிக்கொள்கிறது. எனவே எல்லாச் சங்கிலிகளும் நீளத்துக்கேற்ற எதிர்மின்னூட்டம் பெற்று, நீளத்தின் வரிசையில் ஓடுகின்றன. மலிவு, வேகம், ஒரே பார்வையில் ஒப்பிடும் வசதி என்று இதன் நன்மைகள் உண்மையானவை.

ஆனால் இந்த முறை எதையெல்லாம் அழித்துவிட்டு விடை தருகிறது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. நான்கு சங்கிலிகள் கூடி நிற்கும் புரதமா, தனிச் சங்கிலியா என்பது அழிகிறது. மடிப்பு சரியா, பாதி மூலக்கூறுகள் கூழாகித் திரண்டுவிட்டனவா என்பதும் அழிகிறது. வினை அழிகிறது. ஒரே நீளமுள்ள இரண்டு புரதங்கள் ஒரே பட்டையில் படுத்துக்கொள்ளும். சர்க்கரை ஒட்டிய புரதங்கள் தம் எடைக்குரிய இடத்தில் நிற்பதில்லை. கூமாசி நீலச் சாயத்தில் ஒரு பட்டையாகத் தெரிவது வெள்ளிச் சாயத்தில் பத்தாகத் தெரியலாம். வில்ஷ்டேட்டரின் பிழை மறுபடி எட்டிப் பார்க்கும் இடம் இதுவே. பட்டை தெரியவில்லை என்றால் அந்தச் சாயத்தில், அந்த அளவில் தெரியவில்லை என்றே பொருள்.

1975இல் பேட்ரிக் ஓஃபாரெல் மின்னூட்டம் ஒரு திசையிலும் நீளம் மறு திசையிலுமாக இருபரிமாண ஜெல்லை ஓட்டி, ஈ.கோலையின் புரதங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பரப்பினார். ஒற்றைப் பட்டையின் தன்னம்பிக்கைக்கு அது நல்ல மருந்து.

குரோமடோகிராஃபியின் வளர்ச்சி தனிக் கட்டுரைக்குரியது. அயனிப் பரிமாற்ற செல்லுலோஸ், 1959இல் வந்த செஃபடெக்ஸ், 1968இல் குவாட்ரகாசஸ், வில்செக், அன்ஃபின்சென் அறிமுகப்படுத்திய நாட்டப் பிரிகை ஆகியவை பிரிக்கும் ஆற்றலைப் பலமடங்கு உயர்த்தின. தூய்மைக்கான வரையறையை அவை பெரிதாக மாற்றவில்லை. மாற்றியது 1988இல் ஹோஹுலி குழு செய்த எளிய வேலை. ஆறு ஹிஸ்டிடின்களைப் புரதத்தின் முனையில் மரபணு வழியாகவே கோர்த்துவிட்டால், நிக்கல் ஏற்றிய பிரிப்புக் குழலில் அது மட்டும் பிடித்துக்கொள்ளும். ஆண்டுகள் பிடித்த வேலை ஒரு பகலில் முடிகிறது.

வேகம் ஒரு விலையும் கேட்டது. ஹிஸ்டிடின் மிகுந்த ஈ.கோலையின் சொந்தப் புரதங்களும் அந்தக் குழலில் ஒட்டுகின்றன. அவற்றுள் ஏ.சி.ஆர்.பி என்ற சவ்வுப் புரதம் பெயர் பெற்றது. வேறு புரதத்தின் படிகம் வேண்டிக் காத்திருந்த பல குழுக்கள், கடைசியில் தமக்குக் கிடைத்தது இந்த மாசின் படிகமே என்று கண்டிருக்கின்றன. சிறிதளவே கலந்திருந்தாலும் எளிதில் படிகமாகும் இயல்பு அதற்கு உண்டு. எந்தப் புரதம் என்ற அடிப்படைக் கேள்விக்குக்கூடப் படிகம் தானாக விடை சொல்லாது என்பதற்கு இது இக்காலச் சான்று.

வரிசையும் நிறையும்

ஒரு புரதத்துக்குத் திட்டமான அமைப்பு உண்டா என்பதே 1950களின் நடுப்பகுதி வரை தீராத ஐயம். நாம் தூய புரதம் என்பது உண்மையில் ஒத்த மூலக்கூறுகளின் புள்ளியியல் கூட்டம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். ஃபிரெடரிக் சாங்கர் 1955இல் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும் அவற்றின் கந்தகப் பிணைப்புகளையும் வரிசைப்படுத்தி முடித்தபோது அந்த வாதம் ஓய்ந்தது. அது முழுமையாகத் தோற்றது என்று சொல்வதற்கில்லை என்பது என் கணிப்பு.

காரணம், ஜான் ஃபென்னும் கொய்ச்சி தனாகாவும் 1980களின் பிற்பகுதியில் திறந்துவிட்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. முழுப் புரதத்தை உடையாமல் வாயு நிலைக்குக் கொண்டுவந்து நிறையை டால்டன் அளவில் சொல்கிறது இக்கருவி. பாஸ்பேட் ஏறினால் 80, அசிட்டைல் ஏறினால் 42, ஆக்சிஜன் ஒன்று ஏறினால் 16. இந்தக் கண்ணால் பார்த்தால் ஓவல்புமின் பல பத்து வடிவங்களின் தொகுதி. அரிவாள்செல் பீட்டா சங்கிலியின் 30 டால்டன் வேறுபாடும் நேராகத் தெரிகிறது. ஒரே மரபணுவிலிருந்து பிறக்கும் இந்த மாறுபட்ட மூலக்கூறுகளுக்கு 2013இல் ‘புரோட்டியோஃபார்ம்’ என்ற பெயரை லாய்டு ஸ்மித்தும் நீல் கெல்லெஹரும் முன்வைத்தார்கள். அமினோ அமில வரிசை ஒன்று, மூலக்கூறுகள் பல என்றால் 1950களின் புள்ளியியல் பார்வைக்கும் ஓரளவு நியாயம் திரும்புகிறது.

நிறையும் எல்லாம் சொல்லாது. சரியாக மடிந்த புரதத்துக்கும் தவறாக மடிந்த புரதத்துக்கும் நிறை ஒன்றே.

பிரிப்பதே மாற்றிவிடுகிறதா?

இதுவரை பார்த்த நிலைப்பாடுகள் எல்லாம், செல்லுக்குள் இருந்த புரதம்தான் குழாயிலும் இருக்கிறது என்று கொள்கின்றன. அதையே கேள்விக்குள்ளாக்குவோர் உண்டு. சவ்வுப் புரதத்தைக் கொழுப்பிலிருந்து பிடுங்கி சலவைப்பொருளில் மிதக்கவிட்டால் அதன் நடத்தை மாறக்கூடும் என்பது நெடுநாளைய கவலை. கரையவே மறுக்கும் இழைப்புரதங்களுக்குப் பிரித்துத் தனிப்படிகமாக்கும் வழி பொருந்துவதில்லை. கொல்லாஜனின் முச்சுருள் அமைப்பை சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954–55இல் கண்டது, இழையின் எக்ஸ்-கதிர்ப் படத்தை மாதிரியோடு ஒப்பிட்டுத்தான்.

கூர்மையான சர்ச்சை ஆல்ஃபா-சினுக்ளீன் பற்றியது. பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள இப்புரதம் வடிவமற்ற தனிச் சங்கிலி என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. அதைப் பிரிக்கும் வழக்கமான முறைகளில் ஒன்று, கரைசலைக் கொதிக்க வைப்பது. வடிவமற்ற புரதம் கொதியிலும் கரைந்தே நிற்கும், மற்றவை திரிந்து படியும். 2011இல் டென்னிஸ் செல்கோவின் குழு, மென்மையான முறையில் மனித இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து எடுத்தால் அது நான்கு சங்கிலிகள் சேர்ந்த சுருள் வடிவில் இருக்கிறது என்று அறிவித்தது. வடிவத்தைக் கொதிக்கவைத்துத் தொலைத்துவிட்டோம் என்பது அதன் உட்பொருள். அடுத்த ஆண்டே வேறு குழுக்கள் பெரும்பகுதி தனிச் சங்கிலியே என்று காட்டின. 2016இல் உயிருள்ள செல்லுக்குள் நடந்த என்.எம்.ஆர். ஆய்வும் அதையே ஆதரித்தது. சான்றின் எடை இன்று தனிச் சங்கிலியின் பக்கம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனாலும் சவ்வோடு ஒட்டும் நிலையிலும் வெவ்வேறு செல்வகைகளிலும் அது எவ்வாறிருக்கிறது என்பது முடிந்த கதையாகாது.

எஞ்சியிருப்பவை

இந்த வரலாற்றில் எந்த அளவுகோலும் முற்றிலும் பொய்யாகவில்லை. ஒவ்வொன்றும் தான் உணரக்கூடிய கலப்பை உண்மையாகவே உணர்ந்தது. உணர முடியாததை இல்லை என்று சொன்னபோதுதான் தவறியது. ஆகவே தூய்மை மாதிரியின் தனிப்பண்பாக இருப்பதைவிட, மாதிரிக்கும் சோதனைக்கும் பயனுக்கும் இடையேயான உறவு என்று கொள்வதே பொருத்தம். எதிர்ப்புப் புரதம் உண்டாக்க முயலில் செலுத்தும் மாதிரிக்கும் மனிதருக்கு ஏற்றும் இன்சுலினுக்கும் ஒரே தூய்மை தேவையில்லை.

அண்மைக் காலத்தில் ஐரோப்பியப் புரத ஆய்வக வலையமைப்புகள் தூய்மை, ஒருபடித்தான தன்மை, அடையாளம் மூன்றையும் தனித்தனியே சோதிக்கச் சொல்கின்றன. ஜெல் முதலாவதற்கு, ஒளிச்சிதறல் போன்றவை இரண்டாவதற்கு, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூன்றாவதற்கு. இது சரியான திசை. எத்தனை புரோட்டியோஃபார்ம்கள் சேர்ந்திருக்கும்வரை அதை ஒரே புரதம் எனலாம், செல்லுக்குள் உள்ள நிலையை வெளியே எடுத்து உறுதிசெய்வது எப்படி என்ற இரண்டும் இன்னும் திறந்தே இருக்கின்றன. அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு போன்ற கருவிகள் இதற்குத் தீர்வாகா. அவை கணிப்பது எழுதப்பட்ட வரிசையின் வடிவத்தை, குழாயில் இருக்கும் பொருளை அன்று.

நம் கல்லூரிகளில் உயிர்வேதியியல் செய்முறை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தூய்மையாக்க அட்டவணையில் மொத்தப் புரதம், மொத்த வினை, தன்வினைத்திறன், மீட்பு விழுக்காடு என்ற நிரல்களுக்கு அருகே, “எந்தச் சோதனையில், எந்தக் குறைந்த அளவு வரை மாசு தெரிந்திருக்கும்?” என்று இன்னொரு நிரலையும் மாணவர்களை நிரப்பச் சொல்லுங்கள்.